புலி சுட்ட பரம்பரை

இடம்: இரும்புலியூர். ஜி.எஸ்.டி. சாலையை விட்டு பைபாஸ் பிரிகிற இடத்து ஹாரன் சத்தம் கேட்கிற தூரத்தில் ஓர் அடுக்ககம், இரண்டாம் மாடி. ஞாயிற்றுக்கிழமை முற்பகல்.

ஆட்கள்: மாமனார், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்த மாதம் பெருங்களத்தூரில் ஒரு மண்டபத்தில் அவருக்குப் பீமரத சாந்தி. மருமகன், வனத்துறையில் வனவர். தேன்கனிக்கோட்டைப் பக்கம் சில வருடம் இருந்துவிட்டுச் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு மாற்றலாகி வந்தவர். மாமனாரிடம் ஒரு பழைய போட்டோ, பிளெக்ஸ் போர்டுக்கான மாதிரித் தாள், ஜமுக்காளத்தில் சுற்றிய ஏதோ ஒன்று. மருமகனிடம் ஒரு டம்ளர் காபி மட்டும்.

(நம் ஊரில் மாப்பிள்ளை மேல் எவ்வளவு கோபம் வந்தாலும் ‘நீங்க’ போட்டுத்தான் திட்ட வேண்டும். வாசகர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.)

மாமா: மாப்ள, பிளெக்ஸ் ரெடி. ஒரு தடவை படிச்சுட்டீங்கன்னா பிரிண்டுக்குக் குடுத்துடலாம்.

மாப்பிள்ளை: (படிக்கிறார்) ‘ஜவளகிரிப் புலியை ஒரே தோட்டாவில் சாய்த்த வேட்டைச் சிங்கத்தின் பேரனே, எழுபது கண்ட எங்கள் குல விளக்கே...’ மாமா, புலியைச் சிங்கம் சுட்டிருக்கு. நடுவுல விளக்கு எப்படி வந்துச்சு?

மாமா: அது கவிதை மாப்ள. விஷயத்தைப் பாருங்க.

மாப்பிள்ளை: விஷயத்துலதான் இடிக்குது. ஜவளகிரி ஆட்கொல்லியைச் சுட்டது கென்னத் ஆண்டர்சன். பெங்களூர்க்காரர். ஒன்பது ஆட்கொல்லி, ஒரு முரட்டு யானைன்னு 1954லயே புத்தகம் போட்டுட்டார். அதுல முதல்ல வர்ற கதையே ஜவளகிரிதான். நான் அந்தக் காட்டுல டென்ட் போட்டுப் படுத்தவன். அதுவும் அது பெண் புலி.

மாமா: ஆண்டர்சனை எனக்குத் தெரியாதா? அவரோட போனவரே எங்க தாத்தாதான். குடும்பத்தோட, சிநேகிதங்களோட, வண்டி கட்டிக்கிட்டுப் போவாங்களாம். பத்து நாள், பதினஞ்சு நாள். பிரியாணி அண்டா, கிராமபோன், சீட்டுக்கட்டு எல்லாம் போகும்.

மாப்பிள்ளை: துப்பாக்கி?

மாமா: அதுவும் போகும்.

மாப்பிள்ளை: சரி. ஆண்டர்சனும் அப்படிப் போனவர்தான். மகன் டொனால்டையும் சின்ன வயசுலயே காட்டுக்குப் பழக்கிட்டார். மசினகுடிப் பக்கம் ஹெய்ல்ஸ்டோன்னு ஒரு எஸ்டேட்கார சிநேகிதர். ஒரு ஸ்டூடிபேக்கர் கார். கையில 405 வின்செஸ்டர். இதுல உங்க தாத்தாவை எந்த சீட்ல உட்கார வைக்கிறது?

மாமா: அந்தப் புத்தகத்துல எல்லார் பேரையும் போடுவாங்களா?

மாப்பிள்ளை: நாய் பேரைக்கூடப் போட்டிருக்கார் மாமா.

(மாமனார் காபியைப் பார்க்கிறார். தனக்கு இன்னும் வரவில்லை என்பதைச் சொல்லும் பார்வை.)

மாமா: ஜவளகிரியை விடுங்க. ‘காட்டில் ஒரு புலியை’ன்னு பொதுவா மாத்திக்கலாம். அடுத்த வரி படிங்க.

மாப்பிள்ளை: ‘பதினோரு அடி வேங்கையை வென்ற வம்சமே.’ மாமா, இந்தப் பதினோரு அடி முளை அடிச்சு அளந்ததா, வளைவுல அளந்ததா?

மாமா: புலியை அளக்கறதுல என்ன ரெண்டு விதம்?

மாப்பிள்ளை: செத்த புலியை நேரா நீட்டிப் படுக்க வச்சு, மூக்கு நுனியில ஒரு முளை, வால் நுனியில ஒரு முளை அடிப்பாங்க. புலியை அந்தண்டை இழுத்துப் போட்டுட்டு, ரெண்டு முளைக்கும் நடுவுல டேப் பிடிக்கிறது ஒரு விதம். டேப்பை மூக்குல ஆரம்பிச்சு, நெத்தியில ஏறி, பிடரியில இறங்கி, முதுகு, பிருஷ்டம், வால்னு மேடு பள்ளமெல்லாம் ஒட்டிக்கிட்டே போறது இன்னொரு விதம். இதுல சில அங்குலம் சும்மாவே கூடும். அமுக்கிப் பிடிச்சா இன்னும் கூடும். வைஸ்ராய் வேட்டைக்கு வந்தா அடிக்குப் பதினோரு அங்குலம் போட்ட டேப்பை எடுத்துக்கிட்டுப் போவாங்கன்னு அந்தக் காலத்து வேட்டைக்காரங்களே கிண்டல் பண்ணியிருக்காங்க.

மாமா: அப்போ எங்க தாத்தா அளந்தது?

மாப்பிள்ளை: இந்த ஃப்ளாட்டை உங்களுக்கு வித்தாங்களே, சூப்பர் பில்டப் ஏரியான்னு... அந்த மாதிரி அளந்திருப்பாங்க. மொட்டை மாடி, லிஃப்ட், படிக்கட்டு எல்லாம் புலியில சேர்ந்திருக்கும்.

மாமா: நீங்க எதையும் குறைக்கத்தான் பார்ப்பீங்க. கவர்ன்மென்ட் உத்தியோகம் அப்படி. அந்தக் காலத்து ராஜாக்கள் சுட்ட கணக்கைப் பார்த்தா எங்க தாத்தா சுட்டது எத்தனை?

மாப்பிள்ளை: அதை நீங்க சொல்லக் கூடாது, நான் சொல்றேன். ஐந்தாம் ஜார்ஜ் 1911ல டெல்லி தர்பாரை முடிச்சுக்கிட்டு நேபாளத்துக்கு வேட்டைக்குப் போனார். பத்து நாள்ல அந்தக் கூட்டம் சாய்ச்சது 39 புலி, 18 காண்டாமிருகம். அதுல 21 புலி ராஜாவோட சொந்தக் கணக்கு. நூத்துக்கணக்கான யானைகளை வச்சுக் காட்டை வளைச்சு, புலியை வட்டத்துக்குள்ள அடைச்சு, ராஜா உட்கார்ந்திருக்கிற யானைக்கு முன்னால கொண்டாந்து விட்டாங்க. அதுக்கப்புறமும் குறி தப்பினா அது ராஜாவோட தப்பு இல்ல, புலியோட ராஜத் துரோகம்.

மாமா: பெரிய மனுஷங்க.

மாப்பிள்ளை: இன்னும் பெரியவர் இருக்கார். சர்குஜா மகாராஜா. ஆயிரத்து நூறு புலிக்கு மேல சுட்டதாக் கணக்கு. நம்ம நாட்டுல கடைசியாப் பதிவான மூணு சிவிங்கிப்புலியையும் 1947ல ஒரே ராத்திரியில சுட்டு முடிச்சவர் கோரியா சமஸ்தானத்து மகாராஜா. 1952ல இனமே அழிஞ்சுடுச்சுன்னு அறிவிச்சாங்க. 2022ல நமீபியாவுல இருந்து எட்டைப் பிளேன்ல ஏத்திக் கொண்டாந்து, பிரதமர் கையால குனோ காட்டுல விட்டாங்க. ஒருத்தரோட மறக்க முடியாத ராத்திரிக்கு எழுபத்தஞ்சு வருஷம் கழிச்சு நாம டிக்கெட் எடுத்தோம்.

மாமா: (யோசித்து) தாத்தா அஞ்சு யானை சுட்டார்னும் ஒரு வரி இருக்கு. அதுக்கு என்ன சொல்லுவீங்க?

மாப்பிள்ளை: 1873லயே மதராஸ் அரசாங்கம் காட்டு யானைப் பாதுகாப்புச் சட்டம் போட்டுடுச்சுன்னு சொல்லுவேன். நினைச்சவங்க நினைச்ச யானையைச் சுட முடியாது. அரசாங்கம் அனுமதி குடுத்தாத்தான் துப்பாக்கியைத் தூக்கலாம். அஞ்சு அனுமதிக்கும் பேப்பர் இருக்கா?

மாமா: யானையை எடுத்துடுங்க.

மாப்பிள்ளை: எடுத்தாச்சு. அந்தத் துப்பாக்கி என்ன ஆச்சு?

மாமா: ரெட்டைக் குழல். எங்கப்பா காலம் வரைக்கும் லைசென்ஸ் இருந்துச்சு. ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் ஸ்டேஷன்ல கொண்டுபோய் ஒப்படைக்கணும், முடிஞ்சதும் போய் வாங்கணும். காட்டுக்குப் போனதைவிட அது ஸ்டேஷனுக்குப் போனதுதான் ஜாஸ்தி. கடைசியா ஒரு இடைத்தேர்தலுக்குக் குடுத்தோம், திரும்ப வாங்கப் போகல. அம்மா வேண்டாம்னுட்டாங்க.

(இந்த ஒரு பேச்சில் மட்டும் பொய் இல்லை என்று எனக்குப் படுகிறது.)

மாப்பிள்ளை: போட்டோவைக் குடுங்க, பார்க்கலாம்.

மாமா: பார்த்து. மூலையைப் பிடிக்காதீங்க, உதிருது. புலி முன்னால கிடக்கா? பின்னால தொப்பி போட்டு, புலி மேல கால் வச்சுக்கிட்டு நிக்கிறவர் ஒரு துரை. பக்கத்துல துரைசாணி. அவங்களுக்குப் பின்னாடி ரெண்டு வரிசை.

மாப்பிள்ளை: தாத்தா?

மாமா: மூணாவது வரிசை. இடது கோடி.

மாப்பிள்ளை: இந்தப் பாதி முகமா?

மாமா: போட்டோக்காரன் வெட்டிட்டான்.

மாப்பிள்ளை: கையில என்ன, துப்பாக்கியா? நாலு அடுக்கா இருக்கே.

மாமா: ...டிபன் கேரியர்.

மாப்பிள்ளை: ஆக, புலியைச் சுட்டார்னு ஆரம்பிச்சோம். அப்புறம் சுட்டவரோட போனார். இப்போ சுட்டவருக்குச் சாப்பாடு கொண்டு போனார்.

மாமா: சாப்பாடு இல்லாம எவன் மாப்ள வேட்டையாடுவான்? ராத்திரி முழுக்கப் பரண்ல உட்கார்ந்திருக்கணும். இருமக் கூடாது, பீடி பத்த வைக்கக் கூடாது. கீழே கட்டி வச்ச எருமைக் கன்னு கத்திக்கிட்டே இருக்கும். பசிச்ச வயித்தோட உட்கார்ந்தா வயிறு போடுற சத்தத்துலயே புலி ஓடிடும். எங்க தாத்தா கட்டிக் குடுத்த எலுமிச்சம்பழ சாதம்தான் அந்தப் புலியைச் சாய்ச்சுது.

மாப்பிள்ளை: இதைப் பிளெக்ஸ்ல போடுங்க மாமா. நான் கையெழுத்தே போடுறேன்.

(காபி வருகிறது. மாமனார் குடிக்கிறார். பைபாஸில் ஒரு டிப்பர் லாரி மேடு ஏறும் சத்தத்தில் சற்று நேரம் யாரும் பேசவில்லை.)

மாப்பிள்ளை: சரி, இந்த வலது ஓரத்துல கோவணத்தோட, தலையில துணியைச் சுத்திக்கிட்டு நிக்கிறவர் யாரு?

மாமா: யாரோ எடுபிடி. ஊர்க்காரன்.

மாப்பிள்ளை: எல்லாருக்கும் கீழே பேர் எழுதியிருக்கு. துரை, துரைசாணி, ஓவர்சியர், டிரைவர், நாய்க்குக்கூட எழுதியிருக்கு. இவருக்கு மட்டும் இல்ல.

மாமா: பேர் தெரிஞ்சிருக்காது.

மாப்பிள்ளை: மாமா, வேட்டைக்காரர் இவர்தான். புலி எந்த ஓடையில தண்ணி குடிக்குதுன்னு மண்ணுல இருக்கிற தடத்தைப் பார்த்துச் சொன்னது இவர். அது ஆணா பெண்ணா, எந்தக் காலை நொண்டுது, நேத்து போச்சா விடியக்காலை போச்சா, எல்லாம் இவர்தான். மந்தி எதுக்குக் கத்துது, கடமான் எதுக்குக் கத்துது, சும்மா கத்துதா புலியைப் பார்த்துக் கத்துதான்னு பிரிச்சுச் சொன்னது இவர். எந்த மரத்துல பரண் கட்டணும், காத்து எந்தப் பக்கம் அடிக்கும், எல்லாத்தையும் முடிவு பண்ணி, இலை தழை போட்டு மறைச்சு, துரையைத் தோளைக் குடுத்து மேலே ஏத்திவிட்டு, இவர் நடந்து ஊருக்குப் போயிருப்பார். இருட்டுல. அதே காட்டு வழியா. கையில ஒரு கம்போட.

மாமா: சுட்டது துரைதானே?

மாப்பிள்ளை: சுட்டார். குண்டு பின்னங்கால்ல பட்டுப் புலி புதர்ல போய்ப் படுத்துக்கிச்சுன்னு வைங்க. விடிஞ்சதும் ரத்தத் தடத்தைப் பார்த்துக்கிட்டு முன்னால நடந்தது யாரு? துரை பின்னால, துப்பாக்கியோட. இவர் முன்னால, குனிஞ்சு, இலையில காஞ்ச ரத்தத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கிட்டு. புலி திரும்பிப் பாய்ஞ்சா முதல்ல யார் மேல பாயும்?

மாமா: உங்க ஆண்டர்சன் அவங்க பேரைப் போட்டாரா?

மாப்பிள்ளை: அவர் போட்டார். சின்னாத்துப் பக்கம் பைரான்னு ஒரு பூசாரி. அவருக்கு அந்த முதல் புத்தகத்துலயே ஒரு தனி அத்தியாயம். பென்னாகரத்து ரங்கா இன்னொருத்தர், அவரைப் பத்தியும் பக்கம் பக்கமா எழுதினார். தனக்குக் காட்டைக் கத்துக் குடுத்தவங்கன்னு மறைக்காமச் சொன்னார். அதனாலதான் அந்தப் புத்தகத்தை இன்னும் படிக்கிறாங்க. உங்க போட்டோவை நீங்க ஒருத்தர்தான் பார்க்கிறீங்க.

மாமா: நீங்க காட்டு ஆளுங்க பக்கமே பேசுவீங்க. படிச்ச குடும்பம் வெளியூர் போய் வேட்டையாடினது ஒரு அந்தஸ்து. அந்த ஆளுங்க எங்க போனாங்க?

மாப்பிள்ளை: ஃபுளோரிடாவுக்குப் போனாங்க.

மாமா: எங்க?

மாப்பிள்ளை: அமெரிக்கா. நம்ம செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள், மாசி சடையன், வடிவேல் கோபால்னு ரெண்டு பேர். 2017 ஜனவரி. அங்கே பர்மா மலைப்பாம்பு காட்டை ரொப்பி, முயல், மான் எல்லாத்தையும் முழுங்கிக்கிட்டிருக்கு. அதுக்கு முந்தின வருஷம் போட்டி வச்சாங்க. ஆயிரம் பேருக்கு மேல துப்பாக்கி, கேமரா, தொப்பி எல்லாத்தோடயும் இறங்கி ஒரு மாசத்துல பிடிச்சது 106. ஆளுக்குப் பத்துல ஒரு பாம்பு வரும். வால் பக்கமா நீங்க எடுத்துக்கலாம். நம்ம ஆளுங்க ரெண்டு பேர் கையில ஒரு இரும்புக் கம்பியோட போய் இறங்கினாங்க. ரெண்டு வாரம் ஆகறதுக்குள்ள 13 பாம்பு. அதுல ஒண்ணு 16 அடி. முளை அடிச்சு அளந்தாலும் 16 அடிதான்.

மாமா: அவங்களுக்குப் பாஸ்போர்ட்?

மாப்பிள்ளை: உங்களுக்கு அதுதான் சந்தேகம். 2023ல ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ குடுத்தாங்க. பாம்புத் தோல் வியாபாரத்துக்குத் தடை வந்தப்போ அவங்க சனத்தோட பிழைப்பே போச்சு. 1978ல கூட்டுறவுச் சங்கம் அமைச்சு, பாம்பைக் கொல்லாம விஷத்தை மட்டும் எடுத்து மருந்துக் கம்பெனிக்குக் குடுக்க ஆரம்பிச்சாங்க. ஈ.சி.ஆர்.ல வடநெம்மேலியில போய்ப் பாருங்க. உங்க தாத்தா போட்டோவுல பேர் இல்லாம நிக்கிற ஆளு மாதிரி ஒருத்தர் அங்கே பானையைத் திறந்து நாகத்தை எடுப்பார். ஆனா அதே ஆளு ஒரு முயலைப் பிடிச்சா நான்தான் கேஸ் போடணும். இதையும் சொல்லிடணும்.

மாமா: எங்க வம்சத்துக்கும் தைரியம் இருக்கு மாப்ள. ரத்தத்துல இருக்கு.

மாப்பிள்ளை: 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். ராத்திரி மழையில நெடுங்குன்றம் ரோட்டை ஒரு முதலை க்ராஸ் பண்ணுச்சே.

மாமா: அந்த வீடியோ எனக்கும் வந்துச்சு.

மாப்பிள்ளை: அன்னைக்கு வேட்டை ரத்தம் என்ன பண்ணுச்சு?

மாமா: மாடிப்படியில தண்ணி இருந்துச்சு மாப்ள. வழுக்கும்.

மாப்பிள்ளை: ரெண்டு நாள் கீழேயே இறங்கல. பால் பாக்கெட்டைக் கயித்துல கூடை கட்டி மேலே இழுத்தீங்க. முதலை இருந்தது நெடுங்குன்றத்துல, நீங்க இருந்தது இரும்புலியூர் ரெண்டாவது மாடியில.

மாமா: முதலை ஏறாதுன்னு எழுதிக் குடுப்பீங்களா? சரி, அதை விடுங்க. மசினகுடிக்குப் போனோமே, குடும்பத்தோட, உங்க மச்சினனோட சிநேகிதங்க எல்லாம். அது வேட்டை மாதிரிதானே?

மாப்பிள்ளை: அது அப்படியே தாத்தா காலத்து வேட்டைதான். முன்னால உள்ளூர்ப் பையன் ஜீப் ஓட்டுறான், தடம் பார்க்கிறான், ‘சார், அந்தப் புதர்ல’ங்கிறான். பின்னால உட்கார்ந்து மச்சான் வாடகைக்கு எடுத்த லென்ஸைத் திருகிக்கிட்டே இருக்கான். காட்டெருமை போனப்புறம் கிளிக். அந்தப் பையன் பேர் என்ன மாமா?

மாமா: டிரைவர்.

மாப்பிள்ளை: நம்ம பெருமாளைப் பாருங்க. காஞ்சிபுரம் வரதர் மாட்டுப் பொங்கலன்னைக்குப் பழையசீவரத்துக்குப் பார்வேட்டை போறார். ஊரே குடும்பம் குட்டியோட, கட்டுச்சோத்தோட பின்னால போகுது. மலை ஏறி, மண்டபத்துல உட்கார்ந்து, நரசிம்மரோட சேர்ந்து ஊர்வலம் வந்துட்டு, ஒரு உசுரும் போகாம வீடு திரும்பிடுறார். அவரும் வேட்டைக்குப் போனவர்தான்.

மாமா: (சலிப்புடன்) கடைசியா ஒண்ணு இருக்கு. இதைப் பார்த்துட்டுப் பேசுங்க.

(ஜமுக்காளத்தைப் பிரிக்கிறார். நாப்தலின் உருண்டைகள் தரையில் உருளுகின்றன. கறுப்புப் பொட்டு வைத்த மஞ்சள் தோல் ஒன்று.)

மாமா: சிறுத்தைத் தோல்! தாத்தாவோடது. மேடையில என் நாற்காலிக்குப் பின்னால விரிக்கப் போறேன். மைசூர் வான் இங்கன் கம்பெனியில பாடம் பண்ணினது.

மாப்பிள்ளை: (காபியைக் கீழே வைக்கிறார்) மாமா, உரிமைச் சான்றிதழ் இருக்கா?

மாமா: எதுக்கு?

மாப்பிள்ளை: 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். சிறுத்தை முதல் அட்டவணை. பரம்பரைச் சொத்தா வந்தாலும் தொண்ணூறு நாளுக்குள்ள வனத்துறைக்கு எழுதிக் குடுத்திருக்கணும். 2003ல கணக்குக் காட்டாம வச்சிருந்தவங்களுக்கு ஒரு கடைசி வாய்ப்பும் குடுத்தாங்க. அதுலயும் காட்டலைன்னா மூணு வருஷத்துல இருந்து ஏழு வருஷம். அபராதம் குறைஞ்சது இருபத்தஞ்சாயிரம். 2023ல பக்கத்து ஸ்டேட்ல டி.வி. ஷோ வீட்டுக்குள்ளயே போய், கழுத்துல புலிநகம் போட்டிருந்த ஆளைத் தூக்கிட்டு வந்தாங்க. இன்னைக்கு லீவ்ங்கறதால உட்கார்ந்து பேசிக்கிட்டிருக்கேன்.

மாமா: (வேர்வையைத் துடைத்தபடி) இது... தாத்தாவோடதுன்னு யார் சொன்னா? யாரோ குடுத்தது. எனக்குத் தெரியவே தெரியாது. வான் இங்கன்னு வாய் தவறி வந்துடுச்சு.

மாப்பிள்ளை: இருங்க. பஞ்சு இருக்கா? அந்த சானிடைசர் பாட்டிலையும் எடுங்க.

(மருமகன் தோலைச் சன்னலோர வெளிச்சத்துக்கு இழுக்கிறார். சிறுத்தையின் விலாவில் இருப்பது முழுப் பொட்டு அல்ல, சிறு கறுப்புப் புள்ளிகள் வளையமாகச் சேர்ந்த பூ. பூவின் நடுவில் மேனி நிறத்தைவிடச் சற்று அடர்ந்த பழுப்பு. இதில் எல்லாமே முழு வட்டம். ஒரே அளவு. ஏதோ ஒரு டப்பா மூடியை மையில் தொட்டு வைத்த அளவு. பஞ்சை நனைத்து ஒரு வட்டத்தின் மேல் இரண்டு இழுப்பு இழுக்கிறார். பஞ்சு கறுப்பாகிறது. வட்டம் சாம்பலாகிறது. வால் தனியாகத் தைத்திருப்பது கறுப்பு நூலில்.)

மாப்பிள்ளை: பிழைச்சீங்க மாமா. கேஸ் கிடையாது. ஆடு.

மாமா: என்னது?

மாப்பிள்ளை: வெள்ளாட்டுத் தோல். நம்ம பக்கத்துல பல்லாவரம், குரோம்பேட்டை எல்லாம் தோல் பதனிட்ட ஊருங்கதானே. யாரோ கைத்தேர்ச்சி உள்ளவர் சாயம் போட்டு வித்திருக்கார். தாத்தா ஏமாந்திருக்கார், இல்லைன்னா தெரிஞ்சே வாங்கியிருக்கார்.

மாமா: எங்க தாத்தா ஆட்டைச் சுட்டார்ங்கறீங்களா?

மாப்பிள்ளை: ஆட்டை யாரும் சுடல. வெட்டியிருப்பாங்க. அந்த அண்டா பிரியாணி ஞாபகம் இருக்கா?

மாமா: மாப்ள, நீங்க எங்க குடும்பத்தை ரொம்ப அவமானப்படுத்துறீங்க. இது சிறுத்தைதான். நல்லாப் பாருங்க.

மாப்பிள்ளை: சிறுத்தைன்னா ஏழு வருஷம்.

மாமா: இருக்கட்டும்.

மாப்பிள்ளை: ஆடுன்னா இப்பவே சுருட்டிக்கிட்டுச் சாப்பிடப் போகலாம்.

மாமா: ஆடுன்னு மட்டும் வெளியில சொல்லிடாதீங்க. சம்பந்தி வீட்ல இருந்து வர்றாங்க. பேங்க் சிநேகிதங்க வர்றாங்க. (குரலைத் தாழ்த்தி) ஒரு கேஸ் போட்டுடுங்களேன். சின்னதா. பேப்பர்ல வர்ற அளவுக்கு.

மாப்பிள்ளை: வெள்ளாட்டுக்கு எந்த செக்‌ஷன்ல கேஸ் போடுறது?

மாமா: தாம்பரத்தில் சிறுத்தைத் தோல் பறிமுதல், பழம்பெரும் வேட்டைக் குடும்பத்தில் பரபரப்புன்னு ஒரு வரி. போட்டோ எல்லாம் எடுப்பீங்கள்ல?

மாப்பிள்ளை: எடுப்போம். தோலைத் தரையில முன்னால விரிச்சு வைப்போம். பின்னால எல்லாரும் வரிசையா நிப்போம். ரெண்டு பக்கமும் எங்க ஸ்டாஃப்.

மாமா: நான் எங்க நிப்பேன்?

மாப்பிள்ளை: குற்றவாளி நடுவுல, மாமா.

மாமா: நடுவுலயா? முழு முகமும் விழுமா?